புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம்: திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தால் புளியிலிருந்து தப்பிக்க முடியாது. தை பிறந்து கொஞ்ச நாளில் அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலைப்பக்கத்திலிருந்து மூட்டை இறங்க ஆரம்பிக்கும். கூடவே கேள்விகளும் வரும். மாணவர்கள், புளி தட்டும் வீட்டுக்காரர்கள், புளி பேஸ்ட் போடும் சிறு தொழில்காரர்கள் என எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். எளிதான கேள்விகள் முன்னால், சிக்கலானவை பின்னால்.

புளியில இருக்கிறது சிட்ரிக் ஆசிட் தானே சார்? எலுமிச்சையில இருக்கிறது மாதிரி?

இல்லை. எலுமிச்சையின் புளிப்புக்குச் சிட்ரிக் அமிலம் காரணம், புளியின் புளிப்புக்கு முக்கியக் காரணம் டார்டாரிக் அமிலம். திராட்சையிலும் இதே அமிலம்தான் பெரிய பங்கு. சிட்ரிக், மாலிக் போன்ற மற்ற அமிலங்கள் புளியில் கொஞ்சம் உண்டு, ஆனால் அவை ஓரத்தில் நிற்பவை.

சுத்தமான டார்டாரிக் அமிலம் நிறமில்லாத படிகம், பொடித்தால் வெள்ளைத் தூள். வாசனை கிடையாது. மூலக்கூறில் 4 கார்பன், 6 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன். மூலக்கூறு எடை 150. சுமார் 170 டிகிரியில் உருகும். தண்ணீரில் தாராளமாகக் கரையும்: அறை வெப்பத்தில் 100 மி.லி. தண்ணீர் 130 கிராமுக்கு மேல் வாங்கிக்கொள்ளும். கார்பன் சங்கிலியின் இரண்டு முனையிலும் ஒரு அமிலத் தொகுதி, நடுவிலுள்ள இரண்டு கார்பனிலும் ஒவ்வொரு ஹைட்ராக்சில் தொகுதி (ஒரு ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்தது). இந்த அமைப்பை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் இதில்தான் இருக்கிறது.

நம்ம ஊர் புளியில எவ்வளவு இருக்கும்?

பொதுவாகப் புளிச் சதையின் எடையில் 8 முதல் 18 சதவீதம் வரை. மரத்துக்கு மரம் மாறும், காய்ந்த பக்குவத்துக்கும் மாறும். அஞ்செட்டிப் பக்கத்து உரிகம் புளி, பெரியகுளம் பி.கே.எம்.1 என்று ரகங்களும் உண்டு. ஆகவே ‘நம்ம ஊர் புளி’ என்று ஒற்றை எண் சொல்ல முடியாது. கணக்குப் போட 12 சதவீதம் என்று வைத்துக்கொள்வேன்.

இந்த அமிலம் முழுவதும் தனியாக இருப்பதில்லை. ஒரு பகுதி பொட்டாசியத்தோடு சேர்ந்து பொட்டாசியம் பைடார்ட்ரேட் என்ற உப்பாக இருக்கிறது. இன்னொரு விஷயம் பலருக்கு ஆச்சரியம் தரும்: புளியில் அமிலத்தைவிடச் சர்க்கரை அதிகம், 30 சதவீதத்தையும் தாண்டும். மாங்காய் பழுக்கும்போது அதன் அமிலம் குறைந்துவிடும். புளியம்பழத்தில் டார்டாரிக் அமிலம் அப்படிக் கரைந்து போவதில்லை. சர்க்கரை ஏறுகிறது, அமிலமும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பழுத்த பிறகும் புளி புளியாகவே இருப்பது அதனால்தான்.

புளி வருஷம் ஆக ஆகக் கறுக்குதே, ஆசிட் கெட்டுப்போகுதா?

அமிலத்துக்கும் அந்தக் கறுப்புக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. சர்க்கரையும் புரதப் பொருட்களும் வினைபுரிவதாலும், சதையிலுள்ள ஃபீனால் வகைப் பொருட்கள் காற்றுப் பட்டு மாறுவதாலும் நிறம் அடர்கிறது. சூடும் ஈரமும் இதை வேகப்படுத்தும். அதனால்தான் வியாபாரிகள் வாடகை கொடுத்துக் கோல்டு ஸ்டோரேஜில் அடுக்குகிறார்கள். செம்பழுப்பு நிறம் நின்றால் விலையும் நிற்கும்.

டார்டாரிக் அமிலம் சாதாரண வெப்பத்தில் அசையாத பொருள். கறுத்த புளியிலும் புளிப்பு அப்படியே இருக்கும். ஈரம் வற்றியிருந்தால் கிலோவுக்குக் கிலோ கொஞ்சம் கூடுதலாகக்கூட இருக்கலாம்.

பித்தளைச் சொம்பைப் புளி போட்டுத் தேய்ச்சா பளிச்னு ஆகுதே, எப்படி?

பித்தளை மேல் படியும் மங்கல் என்பது தாமிர ஆக்சைடும் கார்பனேட்டும். அமிலம் இரண்டையும் கரைக்கிறது. அதோடு விடுவதில்லை. மேலே சொன்ன ஹைட்ராக்சில் தொகுதிகளும் அமிலத் தொகுதிகளும் சேர்ந்து தாமிர அயனியைச் சுற்றிப் பிடித்துக்கொள்கின்றன. பிடிபட்ட தாமிரம் திரும்பப் பாத்திரத்தில் படியாமல் தண்ணீரோடு போய்விடுகிறது. உப்பைச் சேர்த்துத் தேய்த்தால் இன்னும் சீக்கிரம் போகும். உடனே நன்றாகக் கழுவித் துடைக்காவிட்டால் மறுநாளே மங்கிவிடும், ஏனென்றால் இப்போது மேற்பரப்பு புதுசாகத் திறந்து கிடக்கிறது.

அப்படின்னா பித்தளை அண்டாவுல புளிக்குழம்பு வைக்கலாமா? ஈயச் சொம்புல ரசம்?

மேலே சொன்ன வேலையைத்தான் குழம்பும் செய்யும். வெள்ளீயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரத்தில் புளிக்குழம்பை வைத்திருந்தால் தாமிரம் குழம்பில் இறங்கும். வாந்தி, வயிற்றுவலி வரும். கல்யாண வீட்டு அண்டாக்களுக்கு உள்ளே பூச்சுப் போடுவது அழகுக்கு அல்ல. அலுமினியத்தையும் புளி அரிக்கும், பழைய அலுமினியச் சட்டியின் உள்பக்கத்தில் ஊசி குத்தின மாதிரி இருக்கும் குழிகளைப் பாருங்கள். சமைத்து உடனே மாற்றிவிடுவது நல்லது. ஸ்டீலும் மண்சட்டியும் பிரச்சினை இல்லை.

ரசச் சொம்பு வெள்ளீயத்தில் செய்தது. அது சுத்தமாக இருந்தால் பயமில்லை. கறுப்பு ஈயம், அதாவது காரீயம் கலந்திருந்தால் புளி அதையும் இழுத்து வெளியே கொண்டுவரும், காரீயம் விஷம். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. சோதித்த சான்று இல்லாமல் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் சொம்பை நான் வாங்கமாட்டேன்.

அடுப்பு மேடையில புளித்தண்ணி சிந்தினா கடப்பாக் கல்லு வெளுக்குது, கிரானைட்டுக்கு ஒண்ணும் ஆகல. ஏன்?

கடப்பாக் கல் சுண்ணாம்புக்கல் இனம், கால்சியம் கார்பனேட். அமிலம் பட்ட இடத்தில் மெருகு அரித்துப்போய் வெளிறிய திட்டு விழும். எலுமிச்சை, தயிர் எல்லாமே இதைச் செய்யும். பர்கூர், ஜெகதேவிப் பக்கம் வெட்டியெடுக்கும் கிரானைட் சிலிக்கேட் தாதுக்களால் ஆனது. சமையலறை அமிலம் அதை ஒன்றும் செய்யாது. புளி தட்டும் கொட்டகைகளில் சிமெண்ட் தரை சொரசொரப்பாகிப் போவதற்கும் இதே சுண்ணாம்புதான் காரணம்.

புளி பேஸ்ட் பாட்டில் அடியில வெள்ளையா மணல் மாதிரி நிக்குது. கடைக்காரர் திருப்பி அனுப்பிட்டார். கலப்படமா?

பெரும்பாலும் இல்லை. இரண்டாவது பதிலில் சொன்ன பொட்டாசியம் பைடார்ட்ரேட் அது. டார்டாரிக் அமிலம் தண்ணீரில் தாராளமாகக் கரையும், அதன் இந்த உப்போ ரொம்பக் கஞ்சம்: 20 டிகிரியில் 100 மி.லி. தண்ணீரில் அரை கிராம் சொச்சம், கொதிநீரில் 6 கிராம். சூடாகக் காய்ச்சிய பேஸ்டில் கரைந்திருந்தது, பாட்டில் ஆறியதும், அதிலும் ஃப்ரிட்ஜில் வைத்ததும், படிகமாக இறங்கிவிடுகிறது. பல்லில் நறநறவென்று படும்.

கடைக்காரருக்குக் காட்ட ஒரு வழி. அடியில் நிற்பதை ஒரு ஸ்பூனில் எடுத்து, குளிர்ந்த தண்ணீரில் ஒருமுறை அலசி, கண்ணாடி டம்ளரில் போட்டுக் கொதிநீர் ஊற்றிக் கலக்குங்கள். மணலாக இருந்தால் அப்படியே கிடக்கும். இது கரைந்துவிடும். அந்தத் தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் நுரைக்கும், ஏனென்றால் பைடார்ட்ரேட்டில் இன்னும் ஒரு அமிலத் தொகுதி மிச்சம் இருக்கிறது. தொழிலில் இதைத் தவிர்க்க, கரைசலைக் குளிரவைத்துப் படிகத்தை முதலிலேயே இறக்கி வடித்துவிட்டுப் பிறகு பாட்டிலில் அடைக்கலாம். திராட்சை ஒயின் செய்பவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

கடையில விக்கிற டார்டாரிக் தூள் சாப்பிடுறதுக்கு ஆகுமா?

உணவுத் தரம் என்று போட்டிருந்தால் ஆகும். பாக்கெட்டுகளில் 334 என்ற எண்ணைப் பார்த்திருப்பீர்கள், அது இதுதான். உலக உணவு, சுகாதார அமைப்புகளின் கூட்டு நிபுணர் குழு வைத்திருக்கும் வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 30 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 1.8 கிராம். 12 சதவீதக் கணக்கில் 15 கிராம் புளியிலேயே இவ்வளவு இருக்கிறது. பயந்துவிட வேண்டாம், இப்படிப்பட்ட வரம்புகள் வாழ்நாள் முழுக்கத் தினமும் எடுத்தாலும் கெடுதல் இல்லாத அளவாக, நிறைய இடைவெளி விட்டு வைப்பவை. சாப்பிட்டதில் கொஞ்சம்தான் சிறுநீரில் அப்படியே வரும். பெரும்பங்கைக் குடலிலுள்ள நுண்ணுயிர்கள் சிதைத்துவிடும்.

தூளைக் கையாளும்போது மட்டும் கவனம். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். லேப் தரத் தூளைச் சமையலுக்கு எடுக்கவே கூடாது.

ஃபேக்டரியில இதை வச்சு என்னதான் பண்றாங்க?

அதிகமாகப் போவது ஒயினுக்கும் உணவுக்கும்: புளிப்பைச் சரிசெய்ய, ஜெல்லி, மிட்டாய், நுரைத்துக் கரையும் மாத்திரைகள், சில பேக்கிங் பவுடர்கள். ரொட்டி ஆலைகளில் மாவு உப்பி நிற்கச் சேர்க்கும் ஒரு கொழுப்புப் பொருளும் இந்த அமிலத்தை வைத்துச் செய்ததுதான்.

மருந்துப் பட்டையைத் திருப்பிப் பாருங்கள். ‘மெட்டோபுரோலால் டார்ட்ரேட்’ இரத்த அழுத்தத்துக்கு, ‘பிரிமோனிடின் டார்ட்ரேட்’ கண் அழுத்தத்துக்கான சொட்டு மருந்து. மருந்து மூலக்கூறைக் கரையக்கூடிய உப்பாக மாற்ற இந்த அமிலம் துணைக்கு வருகிறது. சிகிச்சை செய்வது அதுவல்ல.

கட்டடத்தில் ஜிப்சம் பூச்சு சீக்கிரம் இறுகிவிடாமல் தாமதப்படுத்தவும், எண்ணெய்க் கிணறுகளின் ஆழத்தில் இறக்கும் சிமெண்டுக்கும் சேர்க்கிறார்கள். அப்புறம் ரோசல் உப்பு. சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்த டார்ட்ரேட். அழுத்தினால் மின்சாரம் தரும் பொருட்களைக் கியூரி சகோதரர்கள் 1880இல் கண்டபோது, குவார்ட்ஸோடு இதுவும் அந்தப் பட்டியலில் இருந்தது. பழைய ரெக்கார்டு பிளேயர்களில் ஊசியின் அதிர்வை மின்சாரமாக மாற்றிய படிகம் பல சமயம் இதுதான். பிளஸ் டூ மாணவர்களுக்கு: சர்க்கரையைச் சோதிக்கும் ஃபெலிங் கரைசலில் தாமிரம் காரத்திலும் வீழ்படிவாகாமல் நிற்பது ஏன் என்று கேட்டால், பித்தளைச் சொம்புக் கேள்வியைத் திரும்பப் படியுங்கள். அதே பிடிதான்.

அவ்வளவு மதிப்பு இருந்தா நம்ம புளியிலேயே எடுத்து வித்தா லாபம்தானே சார்?

அடிக்கடி வரும் கேள்வி இது. ‘மெஷின் தர்றோம், ஆசிட் எடுங்க, நாங்களே வாங்கிக்கிறோம்’ என்று யாராவது வந்துபோன பிறகு கட்டாயம் வரும்.

முறை சிக்கலானதல்ல. புளியை வெந்நீரில் கரைத்து வடித்து, சுண்ணாம்பு சேர்த்தால் கால்சியம் டார்ட்ரேட் கரையாமல் அடியில் படியும். அதை எடுத்துக் கழுவி, கந்தக அமிலம் விட்டால் கால்சியம் ஜிப்சமாகப் பிரிந்துவிடும், டார்டாரிக் அமிலம் கரைசலில் நிற்கும். வடித்து, சுண்டவைத்து, படிகமாக்க வேண்டும். காகிதத்தில் சுலபம். நடைமுறையில் புளியின் பெக்டினும் (பழக்கூழைக் கெட்டியாக்கும் பொருள்) சர்க்கரையும் வடிதுணியை அடைத்துக்கொள்ளும், நிறத்தை நீக்கக் கார்பன் வேண்டும், கந்தக அமிலத்துக்கும் கழிவுக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி வேண்டும்.

கணக்குத்தான் கழுத்தை நெரிக்கும். 12 சதவீதம் என்றாலும், வழியில் போகும் இழப்பைச் சேர்த்தால் 1 கிலோ அமிலத்துக்குக் குறைந்தது 10 கிலோ கொட்டை எடுத்த புளி வேண்டும். இன்றைய புளி விலையைப் பத்தால் பெருக்கி, மொத்த வியாபாரியிடம் டார்டாரிக் அமிலம் என்ன விலை என்று கேளுங்கள். இத்தாலி, ஸ்பெயின், பிரான்ஸ் ஆலைகளுக்கு மூலப்பொருள் ஒயின் தொட்டியில் படியும் கசடு, வேறு பெரிய விலை இல்லாத பொருள். சீனாவில் பெட்ரோலியத்திலிருந்து வரும் மலேயிக் அன்ஹைட்ரைடில் இருந்து செய்கிறார்கள். குழம்புக்குப் போகிற சரக்கை வைத்து அவர்களோடு போட்டி போட முடியாது.

பணம் வேறு இடத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். கொட்டை, நார் நீக்கிச் சுத்தமாகக் கட்டிய புளி, பேஸ்ட், அப்புறம் கொட்டை. புளியங்கொட்டைப் பருப்பு மாவு நூலுக்குக் கஞ்சி போடவும் சாய அச்சுக்கும் போகிறது. கொட்டையில் டார்டாரிக் அமிலத்தைத் தேடாதீர்கள், அங்கே இருப்பது சைலோகுளூகான் என்ற கெட்டிப்படுத்தும் மாவுப்பொருள்.

தூள் பையில ‘எல்(+)’னு ஒண்ணு, ‘டி.எல்.’னு ஒண்ணு. விலையும் வேற. என்ன வித்தியாசம்?

இயற்கையில், புளியிலும் திராட்சையிலும், கிடைப்பது எல்(+). அதன் கண்ணாடிப் பிம்பம் டி(−). இரண்டும் இடதுகால் செருப்பும் வலதுகால் செருப்பும் மாதிரி: அளவு, எடை, பொருள் எல்லாம் ஒன்று, ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது. பாதிக்குப் பாதி கலந்தது டி.எல்.

1848இல் லூயி பாஸ்டர் கண்டது இதைத்தான். கலப்பு டார்ட்ரேட் உப்பின் படிகங்களை உருப்பெருக்கியில் பார்த்து, முகம் ஒரு பக்கம் சாய்ந்தவற்றையும் மறுபக்கம் சாய்ந்தவற்றையும் கையாலேயே பிரித்தார். தனித்தனியாகக் கரைத்தபோது ஒன்று ஒளியின் அதிர்வுத் தளத்தை வலப்பக்கமும் மற்றது இடப்பக்கமும் திருப்பியது. மூலக்கூறுகளுக்கு இடம், வலம் உண்டு என்ற அறிவு டார்டாரிக் அமிலத்திலிருந்து தொடங்கியது.

வியாபாரத்துக்குத் தேவையானது இவ்வளவு: உணவுக்கு எல்(+) மட்டும் வாங்குங்கள். மலேயிக் அன்ஹைட்ரைடிலிருந்து சாதாரண வேதிமுறையில் செய்தால் டி.எல். வரும், நொதியைப் பயன்படுத்தினால் எல்(+) கிடைக்கும். டி.எல்.லின் கரைதிறன் எல்(+)ஐவிடப் பல மடங்கு குறைவு: 100 மி.லி.யில் 20 கிராம் அளவில் நின்றுவிடும்.

நம்ம பக்கம் ஃபுளோரைடு தண்ணி. புளி சாப்பிட்டா அது வெளிய போயிடுமாமே?

தர்மபுரி, கிருஷ்ணகிரியில் பல்லில் காவிக்கறை தெரியாத ஊர் குறைவு, அதனால் இந்தக் கேள்விக்கு அக்கறையாகப் பதில் சொல்ல வேண்டும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வாளர்கள் 2002இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பள்ளிச் சிறுவர்களுக்குத் தினம் 10 கிராம் புளி வீதம் 18 நாள் கொடுத்ததில், சிறுநீரில் வெளியேறும் ஃபுளோரைடு அளவு கூடியது. அந்த அளவில் செய்தி உண்மை.

ஆனால் அது சிறிய ஆய்வு. உள்ளே போகும் ஃபுளோரைடை அது குறைக்காது, வளைந்த எலும்பை நிமிர்த்தாது, கறைபட்ட பல்லை வெளுக்காது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்தியத் தர அளவு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். ஆற்றுத் தண்ணீர் குழாயில் வந்தால் குடிக்கவும் சமைக்கவும் அதையே பயன்படுத்துங்கள், போர் தண்ணீரைத் துணிக்கும் பாத்திரத்துக்கும் வையுங்கள். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்றுவதால் கூடத்தான் செய்யும். ரசம் ரசமாக இருக்கட்டும், மருந்தாக வேண்டாம்.

மிச்சப் புளிச்சோத்தை நாய்க்குப் போடலாமா?

போடாதீர்கள். திராட்சை சாப்பிட்ட நாய்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்படுவது பல வருடங்களாகத் தெரியும், காரணம் தெரியாமல் இருந்தது. 2021இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் டார்டாரிக் அமிலத்தையும் அதன் பொட்டாசிய உப்பையும் காரணமாகச் சுட்டினார்கள். அந்த உப்பு சேர்த்து வீட்டில் பிசைந்த விளையாட்டு மாவைத் தின்ற நாய்க்கும் அதே பாதிப்பு வந்ததுதான் துப்பு. புளி தின்ற நாய்களிடமும் பிறகு இது பதிவானது. மனிதருக்கு இந்த ஆபத்து இல்லை. நாய் நிறையத் தின்றுவிட்டு வாந்தி எடுத்தால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

பேஸ்ட் வாங்கற கம்பெனி ‘டோட்டல் அசிடிட்டி டார்டாரிக்கா எவ்வளவு’ன்னு கேக்குது. எப்படிக் கணக்குப் போடுறது?

காரத்தால் நடுநிலையாக்கிப் பார்க்க வேண்டும். பேஸ்டில் சரியாக 1 கிராம் எடுத்து 100 மி.லி. காய்ச்சி வடித்த தண்ணீரில் கரையுங்கள். 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடைப் பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விடுங்கள். டார்டாரிக் அமிலத்தில் இரண்டு அமிலத் தொகுதி இருப்பதால் 150ஐ இரண்டால் வகுத்து 75. ஆகவே செலவான ஒவ்வொரு மி.லி. காரமும் 7.5 மில்லிகிராம் அமிலத்துக்குச் சமம். 16 மி.லி. செலவானால் 120 மில்லிகிராம், அதாவது 12 சதவீதம்.

இரண்டு இடத்தில் சறுக்கும். ஒன்று, அமிலம் தீர்ந்ததை நிறம் மாறிக் காட்டும் ஃபீனால்ப்தலீனின் இளஞ்சிவப்பு, புளியின் பழுப்பு நிறத்தில் தெரியாது. பி.எச். மீட்டர் வைத்து 8.1 வந்ததும் நிறுத்துங்கள். இரண்டு, இந்த எண் டார்டாரிக்கை மட்டும் காட்டுவதில்லை, எல்லா அமிலங்களையும் டார்டாரிக்காகப் பாவித்துச் சொல்கிறது. யாராவது சிட்ரிக் தூளைக் கலந்து ஏற்றியிருந்தாலும் இதில் அழகாகத்தான் வரும். எதிர்ப்பக்கம், பைடார்ட்ரேட்டாக இருப்பதில் பாதித் தொகுதி ஏற்கெனவே பொட்டாசியத்திடம் போய்விட்டதால் அது பாதியாகத்தான் கணக்கில் வரும். டார்டாரிக் மட்டும் எவ்வளவு என்று கம்பெனி கேட்டால், கலவையிலுள்ள அமிலங்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவி உள்ள ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பியாக வேண்டும். அந்தக் கட்டணம் யார் பொறுப்பு என்பதை ஆர்டர் எடுக்கும்போதே பேசிவிடுங்கள்.